கடைமடைக்கும் அந்தப் பக்கம்!

தஞ்சாவூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி மனப்பாடம். மேட்டூர் நிரம்பும். கொள்ளிடத்தில் வெள்ளம் நுரைத்துக்கொண்டு போகும். மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில், ‘இத்தனை டி.எம்.சி. தண்ணீர் கடலில் கலந்து வீண்!’ டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்து டி.வி. விவாதம் வரைக்கும் எல்லோரும் ‘உச்’ கொட்டுவார்கள்.

சரி, கடலுக்குப் போன தண்ணி அங்கே போய் என்னதான் பண்ணுது? பின்னாடியே போய்ப் பார்த்தால் என்ன?

போனோம். மூன்று பேர், இரண்டு பைக், ஒரே ஒரு பைனாகுலர். மார்கழி பிறந்த வாரம், செமஸ்டர் லீவு. டீமில் ஒருத்தன் விலங்கியல் படிக்கிறவன், அவனை ‘ஜுவாலஜி’ என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்தாலும் பெயர் சொல்லுவான், கேட்காவிட்டாலும் சொல்லுவான். இன்னொருத்தன் மெக்கானிக்கல். ‘போட்டிங் இருக்கு’ என்ற ஒரே வார்த்தைக்காக வந்தவன். மூன்றாவது, அடியேன்.

போகவேண்டிய இடம் முத்துப்பேட்டை. காவிரியோட கிளை ஆறுகள் கடலைத் தொடுகிற முகத்துவாரம். அங்கேதான் அலையாத்திக் காடு.

காலை 5 மணி: ஆத்தோட கூடவே

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று தண்ணீர் பிரிவது எல்லோருக்கும் தெரிந்த கதை. தஞ்சாவூரில் பள்ளியக்ரஹாரம் பாலத்துக்குக் கீழே ஓடுகிறதே, அது வெண்ணாறு. அதே ஆறு நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் மறுபடியும் பிரிகிறது. பாமணியாறு ஒரு பக்கம், கோரையாறு ஒரு பக்கம், மிச்ச வெண்ணாறு இன்னொரு பக்கம். நாங்கள் பின்தொடரப் போவது கோரையாற்றை. அது போய் விழுகிற இடம்தான் முத்துப்பேட்டை லகூன்.

மார்கழிப் பனியில் பைக் ஓட்டினால் மூக்கு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். அம்மாபேட்டை தாண்டும்போது வாசல்களில் கோலம். நீடாமங்கலத்தில் சூடா டீ. தலைப்பில் இறங்கி மதகு மேல் நின்றோம். ஷட்டருக்குக் கீழே தண்ணீர் சுழித்துப் போகிறது. பக்கத்துச் சுவரில் வரிசையாக மடையான்கள், ஆளுக்கொரு இடம் பிடித்து, பேங்க் க்யூ மாதிரி பொறுமையாக நிற்கின்றன. தண்ணீரோடு வந்து தடுமாறுகிற குஞ்சு மீன்தான் டார்கெட்.

வெளிச்சம் வந்ததும் மன்னார்குடி சாலை முழுக்கப் பச்சை. சம்பா, கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். வயலுக்குள்ளே அங்கங்கே ‘டி’ வடிவத்தில் குச்சி நட்டு வைத்திருந்தார்கள்.

“இது என்னடா, வயலுக்கு ஆன்டெனாவா?” என்றான் மெக்கானிக்கல்.

“பறவைத் தாங்கிடா. கரிச்சான் உட்கார்றதுக்கு” என்றான் ஜுவாலஜி.

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு ரெட்டைவால் குருவி வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் கீழே பாய்ந்து, எதையோ கவ்விக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பியது. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் 11 தடவை. குருத்துப்பூச்சியின் அந்து, இலைச்சுருட்டுப் புழு... அதற்கு எல்லாமே டிபன். விவசாயி செலவு செய்தது ஒரு குச்சி மட்டும். மருந்துக் கடை பில் இல்லை, முதுகில் ஸ்பிரேயர் இல்லை.

கரிச்சான் மட்டும் இல்லை, அந்த வயலில் வேலைக்கு வந்த ஆட்கள் ஏராளம். தண்ணீர் மேலேயே தாழப் பறக்கிற தட்டான், நெல் தோகை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊசித்தட்டான், பொறிவண்டு, பனித்துளி கோத்த வலையோடு சிலந்தி. புகையானையும் மற்ற பூச்சிகளையும் தின்று தீர்க்கிற கூட்டணி இது. தட்டான் குஞ்சாக இருக்கும்போது தண்ணீருக்குள்ளே கிடந்து கொசுப்புழுவைத் தின்னும். றெக்கை முளைத்த பிறகு கொசுவையே பிடித்துத் தின்னும். ஓவர்டைம் கேட்காத தொழிலாளி!

ஓரத்து வாய்க்காலில் நத்தை குத்தி நாரைகள் நான்கு. அலகு இரண்டும் சரியாக மூடாமல் நடுவில் இடைவெளி விட்டிருக்கும். நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கிற சதையை உருவி எடுப்பதற்கு வாகான அலகு. கரன்ட் கம்பியில் பஞ்சுருட்டான்கள். ஒன்று தட்டானைப் பிடித்து வந்து கம்பியில் ‘டப் டப்’ என்று அடித்து விழுங்கியது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு நாங்கள் புகழ்ந்துகொண்டிருந்த அதே தொழிலாளி. வயலில் யாரும் யாருக்கும் நிரந்தர நண்பர் இல்லை!

காலை 8 மணி: காடு உப்பு கக்குது

முத்துப்பேட்டையை ஒட்டி ஜாம்புவானோடை. தர்காவுக்காக வெளியூர் ஆட்கள் நிறைய வருகிற ஊர். அங்கிருந்துதான் படகு. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு ஏறினோம். படகுக்கார அண்ணன் எங்களையும் பைனாகுலரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பிங்க எந்த காலேஜு? ஆராய்ச்சியா?”

“இல்லண்ணே, சும்மா குருவி பார்க்க.”

“சும்மாவா! கொசு கடிக்கும் பரவால்லயா?”

பரவாயில்லை என்றோம். அந்தக் கொசுவுக்கு எங்கள் ரத்தம் ரொம்பப் பிடித்துவிட்டது என்பது மட்டும் இங்கே பதிவு செய்யப்படுகிறது.

கோரையாறு இங்கே அகலமாகி, மெதுவாகி, நிறம் மாறிவிடுகிறது. மூணாறு தலைப்பில் குதித்துக்கொண்டு போன அதே ஆறா என்று கேட்கத் தோன்றும். மீன் வலை கட்டுகிற கம்புகளில், ஒரு கம்புக்கு ஒன்று என நீர்க்காகங்கள் றெக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன, ஹாஸ்டல் கொடியில் சட்டை காய்கிற மாதிரி. மேலே வட்டமடிக்கிற செம்பருந்து. கரையோரச் சேற்றில் தவ்வுகிற மீன்கள். ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகின்றன. கிட்டே போனால் பொந்துக்குள் ஓடி ஒளிகின்றன.

இரண்டு பக்கமும் காடு நெருங்கியது. அலையாத்தி என்றால் அலையை ஆற்றுவது, தணிப்பது. எவ்வளவு அழகான பேர்! இங்கே முக்கால்வாசி ஒரே வகை கண்டல் மரம்தான். வேர்கள் சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் காற்று கிடையாது, அதனால் மூச்சு விடுவதற்காக வெளியே வந்த வேர்கள்.

அண்ணன் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். “நாக்குல வச்சுப் பாருங்க.”

உப்பு! உறிஞ்சுகிற தண்ணீரில் அதிகமாக வருகிற உப்பை மரம் இலை வழியாக வெளியே கக்கிவிடுகிறது. ஆனால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனால் கண்டலுக்கும் தாங்காது.

அதற்கு சாட்சி இந்தக் காட்டிலேயே உண்டு. ஒரு காலத்தில் இங்கே மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து பள்ளமானது. பள்ளத்தில் ஏறிய கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பாகி, புதிதாக ஒரு செடியும் முளைக்கவில்லை. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் தொடங்கி ஒரு வைத்தியம் பார்த்தார்கள். மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டுவது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். உப்பு தேங்காது. கரையில் கண்டல் நட்டார்கள், பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காடு பிழைத்தது எதனால்? வாய்க்காலால்! டெல்டாக்காரனுக்குத் தெரிந்த பழைய வித்தை. வயலுக்குத் தண்ணீர் வரவும் வேண்டும், வடியவும் வேண்டும் என்பது நம்ம ஊர்ச் சின்னப்பையனுக்கும் தெரியும். காட்டுக்கும் அதே சட்டம்தான்.

“கஜா அடிச்சப்ப பார்த்திருக்கணும் நீங்க” என்றார் அண்ணன். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த புயல். “ஒரு இலை இல்ல தம்பி. காடே தீயில கருகுன மாதிரி நின்னுச்சு. பறவை, நண்டு, ஒண்ணு சத்தம் இல்ல. நாங்க இனி அவ்வளவுதான்னு நெனச்சோம்.” துடுப்பால் ஒரு பக்கம் காட்டினார். காய்ந்துபோன பழைய மரங்கள் வெள்ளை எலும்பாக நிற்க, அதன் காலடியில் இடுப்பு உயரத்துக்குப் பச்சைக் கன்றுகள்.

காலை 10 மணி: அரை முட்டை வெயிட்!

காடு சட்டென்று விலகியது. எதிரே லகூன். கண்ணுக்கு எட்டினவரைக்கும் தண்ணீர். கடல் மாதிரி இருக்கிறதே என்று பயந்தால், அண்ணன் சிரித்துக்கொண்டே கம்பை ஊன்றிக் காட்டினார். இடுப்பளவுகூட இல்லை. கடலையும் ஆற்றையும் ஒரே தட்டில் ஊற்றி வைத்த மாதிரி ஒரு இடம். ஆலாக்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கின்றன. தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பைனாகுலரில் பார்த்தால் கோட்டுக்குக் காலும் கழுத்தும் இருக்கிறது. பூநாரைகள்! ஒரு முப்பது இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகாலேயே தண்ணீரைச் சலித்துச் சாப்பிடுகிற கூட்டம். அதன் இளஞ்சிவப்புக்குக் காரணமே சாப்பிடுகிற பாசியிலும் குட்டி இறாலிலும் இருக்கிற நிறமிதான்.

மெக்கானிக்கல் பைனாகுலரை விடவே இல்லை. பூநாரையோடு திருப்திப்பட்டு, ‘கிளம்பலாமா?’ என்கிற முகத்தோடு இருந்தவனை ஜுவாலஜி தோளில் தட்டினான்.

“ஹீரோயினைப் பார்த்தாச்சு. இப்ப ஹீரோவைப் பாரு. அந்தச் சேத்துத் திட்டுல.”

சேற்றுத் திட்டில் ஒன்றுமே இல்லை. உற்றுப் பார்த்தால் சேறே நகர்கிறது! நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் பறவைகள், சேற்று நிறத்திலேயே. ஓடுகிறது, நிற்கிறது, குத்துகிறது, ஓடுகிறது. தையல் மெஷின் ஊசி மாதிரி ஒரு வேகம்.

பேர் கொசு உள்ளான். கேட்டதும் சிரிப்பு வரும். எடை சுமார் 25 கிராம். ஒரு கோழி முட்டையில் பாதி. இது வருவது எங்கிருந்து? வட துருவத்தை ஒட்டிய ரஷ்யாவின் பனிச் சமவெளியிலிருந்து. 6,000 கிலோமீட்டருக்கு மேல். ரிசர்வேஷன் இல்லை, ஜி.பி.எஸ். இல்லை, அரை முட்டை வெயிட்!

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பக்கத்திலேயே இருக்கிற கோடியக்கரையைச் சொல்லவேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆட்கள் பல வருஷமாக அங்கே உட்கார்ந்து பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, திரும்பப் பறக்க விட்டிருக்கிறார்கள். வளையத்தில் ஒரு எண்ணும் சங்கத்தின் பேரும் இருக்கும். உலகத்தின் எந்த மூலையில் யார் கையில் சிக்கினாலும் அந்தத் தகவல் பறவையின் பாதையைச் சொல்லிவிடும். சாலிம் அலி தேடி வந்த இடம் அது. 1967ல் சரணாலயமானது. 2002ல் கோடியக்கரையும் இந்த முத்துப்பேட்டைக் காடும் சேர்ந்த 38,500 ஹெக்டேர், ராம்சர் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடம். அடுத்த இடம் கிடைக்க ஏறக்குறைய 20 வருஷம் ஆனது.

“சரி, இவ்வளவு தூரம் வந்து சேத்துல அப்படி என்னத்தத் திங்குது?” மெக்கானிக்கலின் நியாயமான கேள்வி.

ஜுவாலஜி ஒரு கை சேற்றை அள்ளித் தண்ணீரில் அலசினான். உள்ளங்கையில் மிஞ்சியது நூல் மாதிரி சில புழு, கடுகு சைஸ் நத்தை, இரண்டு சிவப்புப் புழு. மீன் தொட்டிக்குத் தீனி வாங்குகிறோமே, ரத்தப்புழு, அந்த ஜாதி. வளர்ந்தால் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது.

கொசு உள்ளானின் வாழ்க்கையே இதுதான். அங்கே பனி உருகுகிற கொஞ்ச நாளில் பூச்சிகள் கோடிக்கணக்கில் கிளம்பும். அந்த நேரம் பார்த்துக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பூச்சியைத் தின்றே வளரும். பனி மூடியதும் பூச்சி இருக்கிற அடுத்த ஊரைத் தேடிக் கிளம்பும். அடுத்த ஊர் என்பது நம்ம ஊர்! நாம் சகதி என்று செருப்பைக் கழட்டிக்கொண்டு தாண்டுகிற இந்தச் சேறு, ரஷ்யாவிலிருந்து வந்தவனுக்கு சாப்பாட்டு மேஜை.

அந்த மேஜையைப் போட்டது யார்? ஆறு. வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது ஆறு. கடல் உப்பைக் கரைத்து, பாதி உப்பு பாதி நல்ல தண்ணீர் என்று பதம் பார்த்து வைப்பதும் ஆறு. தண்ணீர் வரத்து நின்றால் வெயிலில் உப்பு ஏறும். உப்பு ஏற ஏற, சேற்றில் வாழுகிற உயிர்களின் வகை குறையும். இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்வதும் இந்தப் பதத்தில்தான்.

“ஆத்துத் தண்ணி நல்லா வந்த வருஷம் இறால் நல்லா கெடைக்கும் தம்பி. வரலைன்னா வலைய மடிச்சு வச்சிட்டு வேற வேலைக்குப் போவோம்” என்றார் அண்ணன். காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிற குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. பேப்பர்காரர் ‘வீண்’ என்று எழுதுகிற தண்ணீரில் அவர்கள் வீட்டு உலை கொதிக்கிறது.

திரும்பும்போது கரையோர உமரிச் செடிகள் மேலே விரல் நகம் அளவு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று. அதற்கு மேலே தங்க நிறத்தில் தட்டான்கள், உட்காராமல், காற்றில் வழுக்கிக்கொண்டே போகின்றன. குளோப் ஸ்கிம்மர் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய தட்டான். மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி ஒரு விஷயத்தைக் கவனித்தார். நல்ல தண்ணீர்க் குளமே இல்லாத அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் வாக்கில் கூட்டம் கூட்டமாகத் தட்டான்கள் வருகின்றன. எங்கிருந்து? இந்தியாவிலிருந்து. எங்கே போகின்றன? கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு! 2009ல் அவர் எழுதியபடி, போய்த் திரும்புகிற சுற்று மொத்தம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தட்டான் முழுச் சுற்றும் முடிக்காது. நான்கு தலைமுறை சேர்ந்து ஓடுகிற ரிலே ரேஸ். இந்தத் தட்டான் முட்டை இடுவது மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையிலும் நெல் வயலிலும்.

சுண்டுவிரல் நீளப் பூச்சிக்கு நம்ம வயலே ஏர்போர்ட். ரஷ்யாக்காரனுக்கு இது லாட்ஜ். நாம்தான் இதை ‘கடைக்கோடி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மாலை 5 மணி: மாமா கேட்ட கேள்வி

முத்துப்பேட்டையில் மீன் சாப்பாடு முடித்துக் கிளம்பி, மன்னார்குடிக்கு இந்தப் பக்கம் மாமா வீட்டில் வண்டியை நிறுத்தினோம். மாமா விவசாயி. முழுநேரம், பரம்பரை, பிடிவாதம். அத்தை காபி கொடுத்தார். நாங்கள் பார்த்ததை எல்லாம் ஆளாளுக்குக் கொட்டினோம். மாமா துண்டால் கொசுவை விரட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

“எல்லாம் சரிதான் மாப்ள. 2016ல என்ன ஆச்சு தெரியும்ல? மழையும் இல்ல, ஆத்துலயும் இல்ல. இந்த வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. நான் ஒரு மடைத் தண்ணிக்கு ராத்திரி பூரா வரப்புல காவல் இருந்தவன். நீ வந்து உள்ளானுக்கும் தண்ணி விடணும்கிற. அதுக்கு விட்டா என் நெல்லுக்கு யாரு விடுவா?”

யாரும் பேசவில்லை. பைனாகுலர் வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. 2016-17 வறட்சியில் இந்த மண்ணில் என்ன நடந்தது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் கொடுத்த இறுதித் தீர்ப்பில் மொத்தத் தண்ணீர் 740 டி.எம்.சி. என்று வைத்துப் பங்கு பிரித்தார்கள். தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகாவுக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. உச்ச நீதிமன்றம் 2018ல் நமக்கு 404.25 என்று குறைத்து, கர்நாடகாவுக்கு 14.75 கூட்டியது. இதெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தப் பட்டியலில் நான்கு பேரின் பங்கையும் கூட்டிப் பாருங்கள், 740 வராது. 14 குறையும். அந்த 14ல் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு. 4 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போகிற தண்ணீர் என்ற கணக்கில். தீர்ப்பே ஐந்தாவதாக ஒரு பங்காளியை வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. நாம்தான் அவனைக் கவனிப்பதில்லை.

14 டி.எம்.சி. என்பது மேட்டூர் முழுசாக நிரம்பி நிற்கிற 93.47 டி.எம்.சி.யில் ஏறக்குறைய 7ல் ஒரு பங்கு. மொத்த 740ல் 100க்கு 2 கூட இல்லை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். “கணக்கு சரி, தண்ணி வரணும்ல!” என்றார். அதுவும் சரி.

பேச்சை மாற்றியது அத்தைதான். முத்துப்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்த அவருடைய தங்கச்சி வீட்டுக் கதை. “அவ வீட்டு போர் தண்ணி இப்பல்லாம் வாயில வைக்க முடியல. பருப்பு வேக மாட்டேங்குதுங்கிறா. முன்னல்லாம் அப்படியா இருந்துச்சு?”

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத விஷயமா? ஆறு மேலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கடல் அதன் இடத்தில் நிற்கும். ஆறு தள்ளுவதை நிறுத்தினால் கடல் உள்ளே தள்ள ஆரம்பிக்கும். ஆற்று வழியாகவும் வரும், நிலத்தடியிலும் வரும். அதைத் தடுக்கத்தான் கடைமடையில் ஆறுகளுக்குக் குறுக்கே ரெகுலேட்டர் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் மண்ணுக்கு அடியில் ஷட்டர் போட முடியாது.

“அப்ப ஆத்துத் தண்ணி கடல்ல போய் விழறதும் வேலிக்குக் காவல் இருக்கிற மாதிரிதான்னு சொல்ல வர்ற” என்றார் மாமா, என்னைப் பார்க்காமலே.

அவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

அதற்காக வெள்ள நேரத்துப் பேப்பர் செய்தி மொத்தமும் பொய் இல்லை. நாலைந்து நாளில் கொள்ளிடம் வழியாக வடக்கே ஓடிப்போகிற வெள்ளம் முத்துப்பேட்டைக்கு வருவதில்லை. ஏரி, குளம், வாய்க்காலை எல்லாம் தூர் வாரி வைத்திருந்தால் அதில் கொஞ்சம் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். ஒரு பக்கம் வெள்ளம் கரைபுரண்டு போகும். மறு பக்கம் கோரையாற்றுக் கடைசியில் வருஷத்தில் பல மாசம் ஒன்றுமே வராது. பிரச்னை கடலுக்குப் போவதில் இல்லை. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது. ‘வீண்’ என்ற ஒரே வார்த்தையைப் போட்டு மூடிவிட்டால் இந்த மூன்று கேள்வியையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைமடை என்ற வார்த்தைக்கு டெல்டாவில் ஒரு மரியாதை உண்டு. ‘கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்ததா?’ என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் மேட்டூர் திறந்ததும் எழுகிற கேள்வி. கலெக்டரைக் கேட்போம், மந்திரியைக் கேட்போம். கடைசி வயல் நனைந்தால்தான் முறை முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கடைசி வயலுக்கும் அந்தப் பக்கம் இன்னும் ஒரு மடை இருக்கிறது. அங்கே மனு எழுதத் தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள். கண்டல், இறால் குஞ்சு, சேற்றுப் புழு, 25 கிராம் உள்ளான். அவர்களுக்குப் பக்கத்திலேயே மனு எழுதினாலும் பதில் வராத வலைக்காரக் குடும்பங்கள்.

இருட்டுகிற நேரம் வாய்க்கால் ஓரத்து மரத்தில் கொக்குகள் வந்து அடைந்தன. கீழே புதரில் மின்மினிகள். மெக்கானிக்கல் ஒரு கையால் கொசுக்கடியைச் சொறிந்துகொண்டே, மறுகையால் ஜுவாலஜியின் நோட்டில் அன்றைய லிஸ்ட்டை எண்ணினான். பறவைகள் 41 வகை. பூச்சிக்கு லிஸ்ட் போட முயற்சி செய்து பாதியில் விட்டிருந்தான் ஜுவாலஜி.

நீங்களும் போகணுமா? டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் சரியான சீசன். வனத்துறை அனுமதி முக்கியம். பளபள சட்டை, ஸ்பீக்கர் பாட்டு, பிளாஸ்டிக் கவர் மூன்றும் வேண்டாம். முழுக்கை சட்டை கட்டாயம், ஏன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2015லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊர்க் குளம், காலேஜ் மைதானம், மொட்டை மாடி, எங்கே நின்றாலும் 15 நிமிஷம் எண்ணி ‘இபேர்ட்’ தளத்தில் பதிவு செய்தால் போதும். டிகிரி தேவையில்லை. நாளைக்கு ஒருத்தர் வந்து ‘இந்த ஆத்துக் கடைசியில என்ன இருந்துச்சு?’ என்று கேட்டால், எழுதி வைத்த கணக்கு ஒன்று இருக்கவேண்டும் இல்லையா?

மாமா இந்தப் பொங்கலுக்குத் தன் வயலில் கரிச்சானை எண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளானைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லையாம்.